ஒருவர் அமரும் பலகை

எனது இல்லத்தின் முன்கூடத்தில் பழைய பிரம்பு நாற்காலி ஒன்று உண்டு. அதில் வீற்றிருந்து ஒரு குடும்பத்தைப் பதினோரு ஆண்டுகள் கட்டிக் காத்தவர் ஒருவர். மூன்று பெண்களுக்கு மணம் முடித்து வைத்தார். சொத்துத் தகராறுகளைத் தீர்த்தார். வீட்டைவிட்டு ஓடிப்போன மருமகனை மன்னித்து ஏற்றார். எச்சமயத்திலும் குரலை உயர்த்தியதில்லை. நாற்காலியின் கைப்பிடியில் வலக்கையை ஊன்றி, "பொறுத்துக்கம்மா" என்று அவர் சொன்னால், அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்ட தாய்மார்கள் ஜொகூர் மாநிலத்தில் மட்டுமல்ல, நாடெங்கும் இருந்தனர். இவை யாவும் கேமரா ஓடிய வேளைகளில் நிகழ்ந்தவை. கேமரா நின்ற வேளைகளில் அவர் அந்த நாற்காலியில் அமர்ந்திருக்க நான் கண்டதே இல்லை.

அவருடைய பெயரை எழுதாமல் விடுகிறேன். தொலைக்காட்சித் தொடரில் அவருக்கு இருந்த பெயரைச் சொன்னால் அனைவருக்கும் தெரிந்துவிடும். சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. இரண்டையும் தவிர்ப்பதே முறையெனக் கருதுகிறேன்.

நான் கோத்தா திங்கியில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் எடைமேடைக் குமாஸ்தாவாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பின் ஜொகூர் பாருவில் வரிசையின் கடைசியில், மூன்று பக்கமும் காலி நிலம் உள்ள வீடொன்றை வாங்கினேன். வெளிச்சம் நன்றாக விழுகிறது, அண்டை வீட்டுச் சத்தமும் குறைவு என்று கூறி ஒரு தயாரிப்பாளர் படப்பிடிப்புக்குக் கேட்டார். மூன்று மாதம் என்று ஆரம்பித்தது பதினோரு ஆண்டுகள் ஆயிற்று. வாரத்தில் நான்கு நாள் எங்கள் கூடம் அவர்களுடைய கூடம். நானும் என் மனைவியும் சமையலறையில் முடங்கி, எங்கள் வீட்டில் நடக்கும் இன்னொரு குடும்பத்தின் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்போம்.

"கட்" என்ற சொல் காதில் விழுந்த கணமே அவர் எழுந்துவிடுவார். நாற்காலியிலிருந்து வாசலின் இரும்புக் கதவு வரை பதினான்கு எட்டுகள். போவார், வருவார். போகும்போது சுட்டுவிரலின் கணுவால் மீசையின் இடப்பக்கத்தை ஒருமுறை தடவுவார், திரும்பும்போது வலப்பக்கத்தை. தேநீரையும் நடந்தபடியேதான் அருந்துவார்.

"தம்பி, உக்காந்துதான் குடிங்களேன். நாற்காலி என்னா கடிச்சா வச்சிடும்?" என்பாள் என் மனைவி.

"வேட்டி கசங்கிடும்க்கா."

"காலையிலேர்ந்து அதுல உக்காந்துதானே அழுதீங்க. அப்பல்லாம் கசங்கலியா?"

"அது அவரு. இது நானு."

தொடரில் தாம் ஏற்ற பாத்திரத்தை அவர் எப்போதும் 'அவரு' என்றே குறிப்பிடுவார். அவரு நல்லவரு. அவருக்குக் கோவமே வராது. அவருக்கு எல்லாம் எழுதிக் குடுத்துடுவாங்க.

இந்த நிலைகொள்ளாமையால் எங்களுக்கு ஒரு நன்மையும் விளைந்தது. காட்சி பதிவாகும்போது மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி ஆகியவற்றை ஒலிக்கு இடையூறென்று நிறுத்திவிடுவார்கள். திரும்பப் போடுவதற்கு எவருக்கும் நினைவிராது. முதல் மாதத்திலேயே என் மனைவியின் ஒரு வாரத்து மீன் கெட்டுப்போயிற்று. அதன் பின், 'கட்' ஆனதும் முதல் நடையில் சமையலறைக்குள் நுழைந்து பெட்டியின் சுவிட்சைப் போட்டுவிட்டுத்தான் வாசல் பக்கம் போவார். "தம்பி நடக்கிற வரைக்கும் நம்ம மீனுக்கு ஒண்ணும் ஆவாது" என்று அவள் சொல்லிச் சிரிப்பாள்.

ஆறாம் ஆண்டில் ஒருநாள் பொந்தியானிலிருந்து வயோதிகத் தம்பதியர் இருவர் வந்தனர். கையில் ஒரு டின் பிஸ்கட். எங்கள் வீட்டை விசாரித்துக் கண்டுபிடிப்பது எளிது. 'நாடக வீடு' என்றால் டாக்சிக்காரர்களும் அறிவர். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் அவர்களுடைய மகன் இரண்டு தீபாவளிகளாக வீட்டுக்கு வரவில்லையாம். அவனுக்கு இவர் புத்தி சொல்ல வேண்டுமாம்.

"நீங்க ஒரு வார்த்த சொன்னா கேப்பான்ங்க. உங்க நாடகம் பாத்து வளந்தவன்" என்றார் அந்த அம்மையார்.

இவர் நடந்துகொண்டே கேட்டார். அவர்கள் தலை அவரோடு வாசலுக்கும் கூடத்துக்குமாகத் திரும்பித் திரும்பி ஓய்ந்துவிட்டது.

"ஐயா, அந்த நாற்காலியில உக்காந்து சொல்லுங்களேன்" என்று அம்மையார் கெஞ்சினார்.

"அம்மா, அதெல்லாம் எழுதிக் குடுக்கிறதும்மா. நான் படிக்கிறேன், அவ்ளோதான்."

கிழவர் குறுக்கிட்டார். "அப்ப எழுதுறவங்க யாருன்னு சொல்லுங்க. அவங்களயே போய்ப் பாக்கிறோம்."

படப்பிடிப்புக் குழுவினர் அனைவரும் சிரித்தனர். இவர் சிரிக்கவில்லை. அவர்களிடம் எண்ணை வாங்கித் தம் கைப்பேசியிலேயே அழைத்தார். நாற்காலியிலிருந்து பேசும் அந்த நிதானமான குரல் வரவில்லை. "தம்பி, போய் அம்மாவப் பாரு. அடுத்த வாரம்னு சொல்லாத. இன்னிக்குப் போ. கேக்குதா? இன்னிக்கு" என்று அவசர அவசரமாகச் சொல்லிவிட்டுத் துண்டித்தார். தம்பதியர் நன்றி கூறிச் சென்றனர். அன்று உணவு இடைவேளை முழுதும் அவர் நடந்துகொண்டே இருந்தார். தட்டு மூடியபடி கிடந்தது.

அவர் ஏன் அந்தக் குரலில் பேசினார் என்பது எனக்கு விளங்கியிருந்தது. அதைச் சொல்வதற்கு முன் அவருடைய அச்சத்தைச் சொல்ல வேண்டும்.

காட்சித் தாள்கள் கைக்கு வந்ததும் எல்லா நடிகரும் முதற்பக்கத்திலிருந்து படிப்பார்கள். இவர் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பார். தாம் இறுதி வரை இருக்கிறோமா என்று முதலில் பார்த்துக்கொள்வார். தொடரின் மூன்றாம் ஆண்டில், மூத்த மருமகனாக நடித்தவர் மஞ்சள் காமாலை என்று விடுப்புக் கேட்டார். அடுத்த வாரம் அதே சட்டையில் வேறொருவர் வந்து நின்றார். 'இனி இவருக்குப் பதிலாக இவர்' என்று திரையின் அடியில் எழுத்து ஓடியது. அவ்வளவுதான், கதை நடந்தது. பழையவர் எங்கே போனார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"ஒரே ஒரு வரிங்கய்யா" என்றார் என்னிடம், வாசல் கதவைப் பிடித்தபடி. "நாலு வருசமோ நாப்பது வருசமோ, ஒரு வரி போதும்."

இத்தொழிலில் காட்சிகளை வரிசையாக எடுப்பதில்லை. மணமகன் வாசலில் நுழைவதை இன்றும், தாலி கட்டுவதை நாலு நாள் கழித்தும் எடுப்பார்கள். பார்ப்பவருக்கு இரண்டும் ஒரே நாழிகை. ஆகவே உடையும் முடியும் மாறாதிருக்க வேண்டும். அதைக் கவனிப்பதற்கென்றே ஓர் இளம்பெண் இருந்தாள். தினமும் மாலையில் அவருடைய மீசையை இடம், வலம், நேர் என மூன்று படம் எடுத்துக்கொள்வாள். "அங்கிள், ரைட் சைடு கொஞ்சம் எறங்கியிருக்கு, பாத்து டிரிம் பண்ணுங்க லா" என்பாள். அவருடைய முகத்தில் இருந்த போதிலும் அம்மீசை அவருக்குச் சொந்தமன்று.

ஐந்தாம் ஆண்டில், இரண்டாவது மகளின் திருமணக் காட்சி. எங்கள் வீட்டு முன்புறத்தில் பந்தல். மகளை மணவறைக்கு அழைத்து வருவதை எடுத்து முடித்திருந்தனர். தாரை வார்த்தலும் தாலி கட்டுதலும் மீதம். அன்று காலை சொந்த ஊரான சாஆவிலிருந்து அவர் தம்பியின் அழைப்பு வந்தது. அவர்களுடைய தாயார் காலமாகிவிட்டார்.

அவர்கள் குடும்பத்தில் தாய்க்குத் தலைமகனே கொள்ளி வைப்பது வழக்கம். கொள்ளி வைப்பவர் தலையும் மீசையும் மழித்தாக வேண்டும்.

தயாரிப்பாளரிடம் அவர் பேசியதைச் சமையலறைச் சன்னலிலிருந்து கேட்டேன்.

"ஒட்டு மீச வச்சுக்கிறேன். தலைக்கு விக்கு. ரெண்டே நாளு."

"குளோசப்ல தெரிஞ்சிடும்ண்ணே" என்றார் ஒப்பனைக்காரர்.

தயாரிப்பாளர் கடிந்து பேசவில்லை. "போய்ட்டு வாங்கண்ணே. நான் தடுக்கல. மீசய எடுத்துட்டு வர்றதுன்னாலும் எடுங்க. ஆனா மேல இருக்கிறவங்க என்னைக் கேப்பாங்க. வேற அப்பாவ வச்சு முடின்னு சொன்னா, நான் என்னா பண்றது?"

அவரை என் காரில் நான்தான் சாஆவுக்கு அழைத்துச் சென்றேன். நெடுஞ்சாலை முழுவதும் அவருடைய வலக்கை மீசையின் மேலேயே இருந்தது. என்ன முடிவு செய்தார் என்று நான் கேட்கவில்லை. சுடுகாட்டில் ஈமச் சடங்கு செய்யும் பண்டாரம் ஒரு பலகையைத் தரையில் போட்டார். சிறிய பலகை, ஒருவர் அமரலாம். முடிவெட்டுபவர் கத்தியோடு தயாராக இருந்தார்.

"மூத்தவரு வந்து உக்காருங்க" என்றார் பண்டாரம்.

இவர் நின்றார். பண்டாரம் மீண்டும் அழைத்தார். இவர் நின்றுகொண்டேயிருந்தார், பலகையைப் பார்த்தபடி. சுற்றி நின்ற உறவினர் எல்லாரும் அவரைப் பார்த்தனர். திரையில் பார்த்துப் பழகிய அந்த முகம், அந்த மீசை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. பிறகு தம்பி சட்டையைக் கழற்றினார். அண்ணனைக் கடந்து போய்ப் பலகையில் அமர்ந்தார். ஆலையில் லாரி ஓட்டுபவர், கறுத்து ஒடுங்கிய தேகம். அமர்ந்த பிறகு நிமிர்ந்து பார்த்து, சத்தம் போடாமல் சொன்னார்:

"நீ மீசயப் பாத்துக்கண்ணே. அம்மாவ நான் பாத்துக்கிறேன்."

அன்று மாலையே அவர் பட்டு வேட்டியும் மாலையுமாக எங்கள் பந்தலில் நின்று, மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். அழ வேண்டிய காட்சி. இயக்குநர் மிகவும் பாராட்டினார். நானும் என் மனைவியும் உள்ளே போய்விட்டோம்.

அதற்கு முன்னரும் அவர் அமர்ந்தவரல்லர். ஆயினும் எப்போதாவது நாற்காலியின் கையில் சாய்வார், படியில் ஒரு கால் வைத்து நிற்பார். அதன் பிறகு அதுவும் இல்லை. ஆண்டுதோறும் தாயாரின் திதி வரும். தம்பி செய்வார், இவருக்குச் சொல்ல மாட்டார். இவரும் போக மாட்டார். அன்று மட்டும் பதினான்கு எட்டு போதாமல், கதவைத் திறந்துகொண்டு தெருமுனை வரை போய்த் திரும்புவார். உதவி இயக்குநர் தெருவில் ஓடித் தேட வேண்டியிருக்கும்.

பதினோராம் ஆண்டில் கதை வறண்டுவிட்டது. எழுதுபவர்கள் எங்கிருந்தோ ஒரு தாயாரைக் கொண்டுவந்தனர். 'அவருக்கு' ஊரில் சரஸ்வதி என்று ஒரு தாய் இருந்ததாகவும், அவர் இறந்துவிட்டதாகவும் கதை. தாள் வந்தது. வழக்கம்போல் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். 'தலையும் மீசையும் மழித்த நிலையில் அப்பா' என்று இருந்தது. அன்றுதான் அவர் நடையை நிறுத்தி நின்று படிக்கக் கண்டேன்.

ஒப்பனைக்காரர் அதே மனிதர்தான். "பயப்படாதீங்கண்ணே. இப்ப நல்ல ஒட்டு மொட்டத் தல வந்திருக்கு. மாட்டிவிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. மீசய மேல மூடிடலாம்" என்றார்.

"தெரியாதா?"

"சத்தியமா தெரியாது."

"அன்னிக்குத் தெரியும்னீங்க."

ஒப்பனைக்காரருக்கு எதைச் சொல்கிறார் என்று புரியவில்லை. எனக்கும் என் மனைவிக்கும் புரிந்தது. "வேணாம். நெஜமாவே எடுங்க" என்றார் அவர்.

கொல்லைப்புறத்தில், கறிவேப்பிலை மரத்தடியில் காட்சி. மழித்த முடியைத் திரும்ப ஒட்ட இயலாதாகையால் ஒரே முறைதான் எடுக்க முடியும். இரண்டு கேமரா வைத்தனர். பண்டாரமாக நடிக்க ஆள் தேடாமல், உண்மையாகவே சடங்கு செய்யும் ஒருவரையே அழைத்து வந்தனர். முடிவெட்டுபவர் நகரத்துக் கடைக்காரர். பலகை எங்களுடையது, துணி துவைக்க உட்காருவதற்கு என் மனைவி வைத்திருந்தது.

அவர் வந்து பலகையில் அமர்ந்தார். மேற்சட்டை இல்லை. தலை மழிக்கப்பட்டது. மீசையின் இடப்பாதி போயிற்று. கத்தியைத் துடைப்பதற்காக முடிவெட்டுபவர் கையை எடுத்தார். அந்த இடத்தில் பண்டாரம் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு.

"தாயார் பேர மூணு தரம் சொல்லுங்க."

"பாப்பம்மா" என்றார். "பாப்பம்மா. பாப்பம்மா."

மீசையைப் படமெடுக்கும் அந்தப் பெண் தாளைப் பார்த்துவிட்டு இயக்குநரின் தோளைத் தொட்டாள். "சார், பேரு தப்பு."

"கேட்டுச்சு" என்றார் இயக்குநர் பல்லைக் கடித்துக்கொண்டு. "பாதி மீச போயிடுச்சு. இனி எங்க நிறுத்துறது? ஓடட்டும்."

ஓடியது. அழ வேண்டும் என்று எழுதியிருந்தது. அவர் அழவில்லை. மறுபாதியும் போனபின் குடத்து நீரைத் தலையில் ஊற்றினார்கள். 'கட்' என்றனர். அவர் எழவில்லை. எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை, ஆனால் குளிர்பதனப் பெட்டியை அன்று என் மனைவிதான் போய்ப் போட்டாள். ஈரம் சொட்ட எழுந்தவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் வாசலுக்குப் போய் நடக்கலானார். விரற்கணு மேலுதட்டுக்குப் போவதும், ஒன்றுமில்லாமல் இறங்குவதுமாக இருந்தது.

பெயரைக் குரல் பதிவில் மாற்றினார்கள். அவரே வந்து 'சரஸ்வதி' என்று மூன்று முறை பேசிக் கொடுத்தார். காட்சி ஒளிபரப்பானபோது நாங்களும் பார்த்தோம். காதில் சரஸ்வதி என்றுதான் விழுந்தது.

"ஒதட்டப் பாருங்க" என்றாள் என் மனைவி. "சரஸ்வதின்னு சொன்னா ஒதடு ஒட்டுமா?"

நானும் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. திரையில் அவருடைய உதடுகள் ஒவ்வொரு முறையும் மூடி மூடித் திறந்தன.

ஒரு வாரம் கழித்து, படப்பிடிப்பு இல்லாத நாளில், வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. தம்பி. தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே வந்து அந்தப் பிரம்பு நாற்காலியிலேயே அமர்ந்தார். அதைப் பற்றிய எண்ணமே அவருக்கு இல்லை.

"நான் அந்த நாடகம் பாக்கிறதில்லங்க. வீட்டுக்காரி பாக்கும், நான் எந்திரிச்சிப் போயிடுவேன். அன்னிக்குக் கூப்புட்டா. 'உங்க அண்ணன் வாயி அத்த பேரச் சொல்லுது, வந்து பாருங்க'ன்னா. மறுநாள் திரும்பப் போட்டாங்க. சத்தத்த அடைச்சிட்டுப் பாத்தேன்."

என் மனைவி கோப்பி கொண்டு வந்து வைத்தாள்.

"அவரு நம்பரு இல்லியா தம்பி?" என்று கேட்டேன்.

"இருக்கு. கை போவ மாட்டேங்குது." கோப்பியை ஒரே மூச்சில் குடித்தார். "அடுத்த மாசம் அம்மா திதி வருதுங்க. வரச் சொல்லுங்க. அதுக்குள்ள மீச வளந்திருந்தாலும் பரவால்ல."

அச்செய்தியை நான் சொன்னபோது அவர் எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டார். பிறகு நேராக இயக்குநரிடம் போனார். அந்நாளில் மூன்றாவது மகளின் வளைகாப்புக் காட்சி. அப்பா இல்லாமல் ஆகாது.

"அன்னிக்கு நான் இல்ல."

"அண்ணே, எல்லா ஆர்ட்டிஸ்டும் டேட்டு குடுத்தாச்சு."

"வேற அப்பா வச்சுக்கிறதுன்னா வச்சுக்கோங்க. அந்த ஒரு வரியப் போட்டுடுங்க."

அதைச் சொல்லும்போதும் அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். இயக்குநர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு படமெடுக்கும் பெண்ணைப் பார்த்தார். அவள் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதி நீட்டினாள். பின்னர் அது ஒளிபரப்பிலும் வந்தது. அப்பா எங்கே என்று மகள் கேட்கிறாள். பிரம்பு நாற்காலி காலியாக இருக்கிறது. தாய் சொல்கிறாள்: "பாட்டி திதிக்கு ஊருக்குப் போயிருக்காங்கம்மா."

இம்முறையும் காரை ஓட்டியவன் நானே. சாஆவுக்கு வெளியே, செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஆற்றங்கரை. தம்பி முன்னரே வந்து பலகையில் அமர்ந்திருந்தார். எதிரே வாழையிலை, எள், அரிசி மாவு உருண்டைகள். இவர் காரை விட்டிறங்கிக் கரையில் நடந்தார். நீர் விளிம்பு வரை போனார், காருக்குத் திரும்பினார், மீண்டும் போனார். மேலுதட்டில் ஒரு மாத மயிர் கறுத்திருந்தது. அதையும் தடவினார். தம்பி பார்த்துக்கொண்டிருந்தார். நான்காம் முறை அண்ணன் அருகில் வந்தபோது, எழாமல், பலகையின் ஒரு பாதிக்கு நகர்ந்து கொடுத்தார்.

இவர் நின்றார். பிறகு வேட்டியை ஒதுக்கிக்கொண்டு மறுபாதியில் அமர்ந்தார். இருவருக்கும் பாதியுடல் மண்ணில்தான் இருந்தது. தோள்கள் இடித்தன.

பண்டாரம் தலையைச் சொறிந்தார். "ரெண்டு பேருக்கு எடம் பத்தாதுங்க. செய்யிறவரு ஒருத்தரு உக்காந்தா போதும்."

"பத்தும்" என்றார் தம்பி. "நீங்க ஆரம்பிங்க."